உருட்டுவதற்கு முன்: மெருகுக்கு ஏற்ற கல்லும் அதன் பக்குவமும்

கல்லை உருட்டி மெருகேற்றத் தேவைப்படும் சாதனம் சொற்பம். உட்புறம் ரப்பர் பூசிய ஒரு டிரம், அதைப் படுக்கைவாட்டில் மெல்லச் சுழற்றும் ஒரு மோட்டார், உள்ளே கல், தண்ணீர், கார்போரண்டம் பொடி. அவ்வளவுதான். டிரம் சுழலும்போது கற்கள் ஒரு பக்கமாக ஏறி, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நிற்க முடியாமல் அடுக்கடுக்காகச் சரிகின்றன. அந்தச் சரிவில் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கும் பொடி இரண்டையும் தேய்க்கிறது. முதலில் கரடான பொடி, அடுத்து நடுத்தரம், பிறகு மாவாக அரைத்தது, கடைசியில் பாலிஷ் பொடி என்று நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம். ஆக ஒரு மாதம் எந்திரம் ஓடும். அந்த ஒரு மாதத்தில் செய்பவருக்குப் பெரிய வேலை கிடையாது. அவருடைய வேலையில் பெரும்பகுதி டிரம்மை மூடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எந்தக் கல் உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று பிரிப்பதுதான் அந்த வேலை. புதிதாகத் தொடங்குவோர் பலர் எந்திரத்தின் விலையையும் வேகத்தையும் விசாரிக்கும் அக்கறையில் பாதியைக்கூடக் கல்லின் மேல் காட்டுவதில்லை. மெருகு ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

இந்த முறை இந்தியாவுக்குப் புதிதன்று. குஜராத்தின் கம்பாத் நகரில் மணிக்கல் வேலை செய்தவர்கள் மின்சாரம் வருவதற்கு முன்பு தோல்பையையே டிரம்மாகக் கொண்டிருந்தார்கள். கொத்தி உருவாக்கிய மணிகளை எமரிப் பொடியோடும், மணிகளைத் துளையிட்டபோது உதிர்ந்த நுண்தூளோடும் பைக்குள் போட்டு வாயைக் கட்டுவார்கள். அறையின் இரு முனையிலும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, பையைச் சுற்றிய தோல்வாரை மாறிமாறி இழுத்து உருட்டுவார்கள். உள்ளே காயாதபடி அவ்வப்போது தண்ணீர் விடுவார்கள். பத்துப் பதினைந்து நாள் இப்படி உருண்ட பிறகு மணி பளபளப்பாக வெளியே வரும். ஆனால் பைக்குள் எல்லாக் கல்லும் போகவில்லை. நர்மதைக்கு அருகே ரத்தன்பூரில் தோண்டியெடுத்த சூதுபவளக் கட்டிகளை, ஓரத்தில் சிறு சில்லு தட்டி உள்ளே பார்த்த பிறகே தேர்ந்தார்கள். தேர்ந்ததை வெயிலில் உலர்த்தி, மண்பானையில் இட்டு, வறட்டி நெருப்பில் சுட்டுச் சிவப்பேற்றினார்கள். உருட்டல் அந்த நீண்ட வேலையில் வெகுவாகப் பின்னால் வரும் ஒரு படி.

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையில் கல் பொறுக்கப் புறப்படும் ஒருவருக்கு இந்தத் தேர்வு இன்னும் கடினமாகிறது. ஏனென்றால் இந்தக் கரையில் காலில் தட்டுப்படும் கற்களில் பெரும்பகுதி உருட்டுவதற்கு ஒவ்வாதவை. இராமேசுவரம் தீவின் வடகரையிலும் மண்டபத்தை ஒட்டியும் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே பழைய பவளத்திட்டுகள் வெளியே தெரிகின்றன. ஆய்வாளர்களான ஸ்டாடர்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972இல் இவற்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் வளர்ந்து, கடல் மட்டம் தாழ்ந்ததால் வெளிப்பட்டவை இவை. இவற்றோடு சேர்ந்து கிடப்பது, மணலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பால் ஒட்டி இறுகிய கடற்கரைப் பாறை. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயத்தின் சுவர்களை அருகில் போய்ப் பார்த்தால், பவளக் கல் எப்படிப்பட்டது என்பது தெரியும். பூப்பூவான வரிகள், கண்ணறை கண்ணறையாகத் துளைகள். கட்டடத்துக்கு அது உதவியது. உருட்டுவதற்கு உதவாது.

காரணம் கடினத்தில் இருக்கிறது. ஜெர்மானியக் கனிமவியலர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோல் இன்றும் இந்த வேலைக்குப் போதுமானது. எந்தக் கனிமம் எதைக் கீறும் என்பதை வைத்து ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தியது அது. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3. பவளமும் சங்கும் சிப்பியும் ஆக்கப்பட்டிருக்கும் அராகனைட் 3.5 முதல் 4. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. ஃபெல்ஸ்பார் 6. நாட்டுப்புறத்தில் வெங்கச்சங்கல் என்று சொல்லப்படும் குவார்ட்ஸ் 7. அகேட், ஜாஸ்பர், சூதுபவளம் ஆகியவை அதே குடும்பம். குருந்தம் 9. தேய்க்கப் பயன்படும் கார்போரண்டம், அதாவது சிலிக்கான் கார்பைடு, 9க்கும் மேலே. இப்போது வெங்கச்சங்கல்லையும் பவளத் துண்டையும் ஒரே டிரம்மில் போட்டால் நடப்பது இதுதான்: பவளம் சில நாளில் கரைந்து வெண்குழம்பாகிறது. குழம்பு கெட்டியாவதால் கற்கள் சரிவது தடைப்படுகிறது. பொடி குழம்பில் புதைந்து கல்லைத் தொடாமலே சுற்றுகிறது. வார முடிவில் திறந்தால் பவளம் இல்லை, வெங்கச்சங்கல்லும் கரடாகவே இருக்கிறது. ஆகவே ஒரு டிரம்முக்கு ஒரே கடினமுள்ள கல் என்பது இந்த வேலையின் முதல் விதி. மற்ற விதிகளில் கொஞ்சம் முன்பின் ஆகலாம், இதில் ஆகாது.

இராமேசுவரத்தில் தண்ணீர்த் தொட்டிகளில் இட்டுக் காட்டப்படும் மிதக்கும் கற்களைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. உலர்ந்த பவளத்தின் நுண்ணறைகளுக்குள் காற்று அடைபட்டால் அது மிதக்கும். எரிமலையிலிருந்து வரும் நுரைக்கல்லும் அதே காரணத்தால் மிதக்கும். அவற்றின் சமயப் பொருள் வேறு விஷயம். மெருகைப் பொறுத்தவரை, மிதக்கிற கல் எதுவும் மெருகேறாது. மெருகு என்பது ஒளியை ஒரே சீராகத் திருப்பி அனுப்பும் வழுவழுப்பான பரப்பு. துளைகள் நிறைந்த கல்லில் அந்தப் பரப்பே கிடையாது.

பவளத்தை விட்டுவிடுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், கடல்விசிறி முதலியவை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கரையில் ஒதுங்கிய செத்த துண்டுதானே என்று எடுத்து வைத்துக்கொள்வதும் வம்புதான். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை; 1989இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளம் வெட்டியெடுத்ததன் விளைவு இங்கே கண்கூடு. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன.

அப்படியானால் இந்தக் கரையில் மெருகேறிய கல்லே இருந்ததில்லையா? இருந்தது, ஏராளமாக. வைகை பாக் நீரிணையை எட்டும் இடத்தருகே இருக்கிற அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87இல் தொடங்கி, 2016-17 வரை பல பருவங்களில் அகழாய்வு செய்தது. ரோமானிய நாணயங்களும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர் அது. அங்கே கண்ணாடி மணிகளோடு சூதுபவளம், அகேட், படிகம் போன்ற கடினக் கற்களில் செய்த மணிகளும் கிடைத்தன. சுற்றுவட்டாரத்தில் சூதுபவளம் விளையும் பாறை இல்லை. கல்லாகவோ மணியாகவோ அது வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். துறைமுகம் என்பதால் வருவதில் தடையும் இல்லை. சுண்ணாம்புப் பாறை மலிந்த கரையில் வாழ்ந்தவர்கள், மணிக்கு அந்தப் பாறையை நம்பாமல் தூரத்துக் கல்லை விலை கொடுத்து வாங்கினார்கள். இன்று தொடங்குபவருக்கும் அதைவிட நல்ல வழி கிடையாது.

கல் எங்கே எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குப் போக வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. மூலக்கல், கொத்தி வடிவம் கொடுத்தது, தேய்த்து மெருகேற்றித் துளையிடாமல் விட்டது, துளையிட்டது என ஒவ்வொரு நிலையிலும் மணிகள் கிடைத்தன. பாதி வேலையில் ஒதுக்கிய கல்லும் சில்லும் அவற்றோடு கிடந்தன. படியூர்ப் பச்சைக்கல், அருகாமைப் பகுதியின் படிகம் ஆகியவை உள்ளூர் வரவு; சூதுபவளம் வடக்கிலிருந்து வந்தது. மெருகேறிய மணியைவிட அந்த ஒதுக்கிய குவியல்தான் புதிதாகத் தொடங்குபவர் பார்க்க வேண்டியது. கையில் எடுத்த கல்லைத் தயங்காமல் கீழே போடும் பழக்கம் தொழில் தெரிந்தவர்களிடம் அன்றே இருந்திருக்கிறது.

இந்த இடங்களைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்குப் பின் அழகன்குளம் போன்ற மேடுகளில் மணி வெளிப்படுவதுண்டு. அது தொல்பொருள், பொறுக்கிக் கொண்டுவந்து டிரம்மில் போடும் பொருளன்று. கண்டெடுத்தால் ஒப்படைக்க வேண்டியது தொல்லியல் துறையிடம். அத்துறையின் அருங்காட்சியகம் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரத் துண்டுகளும் இதே கணக்கில் சேரும். அவை நன்றாக மெருகேறும் என்பதாலேயே அங்கே கை நீட்டக்கூடாது.

எடுக்கத் தக்க கல் மூன்று வழியில் கிடைக்கிறது. உள்நாட்டுச் செம்மண் மேடுகளிலும் உழுத காடுகளிலும் நிலத்துக்காரர் பொறுக்கி வரப்பில் குவித்து வைக்கும் வெங்கச்சங்கல் ஒன்று. அவரிடம் கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்வார். உழவுக்கு அது தொந்தரவு. நீர்வடிகட்டித் தொட்டிகளுக்கு என்று விற்கப்படும் கூழாங்கல் இரண்டாவது. அது பெரும்பாலும் குவார்ட்ஸ், ஏற்கெனவே உருண்டது, விலையும் குறைவு. மூன்றாவது, குஜராத், மகாராஷ்டிரப் பக்கமிருந்து கிலோக் கணக்கில் வரும் அகேட், ஜாஸ்பர். தோட்ட அலங்காரத்துக்கு விற்கும் வண்ணக் கூழாங்கற்களில் சாயம் ஏற்றிய பளிங்கு நிறைய உண்டு. பளிங்கும் சுண்ணாம்புக்கல்தான்; கடினம் 3. வைகையை நம்பிப் போனால், கடலோரத்தில் கிடைப்பது மணல் மட்டுமே. கூழாங்கல் மதுரைக்கு மேற்கே நின்றுவிடுகிறது. ஆற்றுக்குள் இறங்கி மூட்டை கட்டுவதற்குக் கனிமச் சட்டமும் இடம் தராது.

கல்லைச் சோதிக்க வீட்டிலுள்ள பொருள்களே போதும். எஃகுக் கத்தியின் முனையால் அழுத்திக் கீறிப் பார்க்க வேண்டும். கோடு விழுந்தால், ஈர விரலால் துடைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். கடினக் கல்லில் கத்திதான் தேயும். கல்லின்மேல் தெரியும் கோடு இரும்பின் தடம், துடைத்தால் போய்விடும். கல்லில் உண்மையிலேயே பள்ளம் விழுந்திருந்தால் அதை ஒதுக்கிவிடலாம். அடுத்து, கல்லின் கூர் ஓரத்தால் பழைய கண்ணாடிப் புட்டியைக் கீற வேண்டும். வழுக்காமல் கடித்துக்கொண்டு கோடு போட்டால் அது டிரம்முக்கு ஏற்றது. ஐயமாக இருந்தால், கல்லைச் சற்றுச் சுரண்டி வரும் தூளில் எலுமிச்சைச் சாறோ காடியோ ஒரு சொட்டு விடலாம். நுரைத்தால் சுண்ணாம்பு. தூளாக்காமல் கல்லின் மேலேயே விட்டால் நுரை கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும்.

கடினம் சரியாக இருந்தும் மெருகேறாத கற்கள் உண்டு. வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் கருங்கல் ஜல்லி எல்லோர் கண்ணிலும் படுவது; ஆகவே எல்லோரும் முதலில் எடுப்பதும் அதுதான். கருங்கல் என்று சொல்லப்படும் கிரானைட்டும் நைஸும் பல கனிமங்களின் கலவை. குவார்ட்ஸ் மெல்லத் தேய, ஃபெல்ஸ்பார் சற்று விரைவாகத் தேய, அபிரகம் ஏடு ஏடாகக் கழன்று விழுந்துவிடும். அது இருந்த இடம் குழியாகும். குழியில் கார்போரண்டம் ஒளிந்துகொண்டு, பாலிஷ் கட்டத்தில் வெளியே வந்து மற்றக் கற்களைக் கீறும். கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுகளில் அடுக்கியிருக்கும் கருமையான மலைக்கல்லும் இதே வகை. அதைப் பெயர்ப்பது கரைக்கும் கேடு. காங்கேயம் பக்கத்து நிலாக்கல் அழகானது, ஆனால் அடுக்குப் பிளவு உள்ளது. உருளும்போது பிளந்துகொண்டே போகும். பழகிய கைக்கு அது நல்ல கல். முதல் டிரம்முக்கு வேண்டாம்.

வெடிப்பைக் கண்டுபிடிக்கத் தண்ணீர்ச் சோதனைக்கு ஈடில்லை. கல்லைச் சில நிமிடம் ஊறவைத்து எடுத்து, துணியால் துடைத்து வெயிலில் வைக்க வேண்டும். மேற்பரப்பு உடனே உலர்ந்துவிடும். வெடிப்பில் புகுந்த நீர் உலராமல் கருங்கோடாக நிற்கும். கோடு கல்லின் குறுக்கே முழுக்க ஓடினால் அந்த இடத்திலேயே உடைத்துவிடுவது நல்லது. டிரம்முக்குள் உடைந்தால் புதுக் கூர்முனை மற்றவற்றைக் கெடுக்கும். கல் முழுவதுமே இருண்டு, வெகுநேரம் உலராமல் இருந்தால் அது நீர் குடிக்கும் கல், அதாவது நுண்துளைக் கல். வெங்கச்சங்கல்லிலும் எல்லாம் ஒன்றில்லை. பாலாக வெளுத்து உள்ளே நூற்றுக்கணக்கான மயிர்வெடிப்பு ஓடுவது ஒரு வகை. வெல்லக்கட்டியை உடைத்தாற்போல் பொருபொருவென்று உதிர்வது ஒரு வகை. இவை இரண்டையும் தள்ளி, உடைந்த முகம் மழமழப்பாகவும் சிப்பி வளைவாகவும் இருப்பதையே எடுக்க வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை ஒரு பொது அறிவு போதும். டிரம்முக்குள் கல்லைத் தேய்ப்பது மற்றொரு கல். அந்தக் கல் எட்டாத இடம் தேயாது. ஆழமான குழி, உள்வளைவு, இடுக்கு எல்லாம் கடைசி வரை கரடாகவே இருக்கும். தட்டையான சில்லுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும். ஓரளவு உருண்டை, நீளவட்டம், மழுங்கிய முக்கோணம் ஆகியவை நல்லவை.

அளவைப் பற்றித்தான் மிகுதியாகத் தவறு நடக்கிறது. எல்லாக் கல்லும் ஒரே அளவில் இருந்தால் அழகாக வரும் என்று நினைத்து எலுமிச்சை அளவுக் கற்களாகவே நிரப்புவார்கள். பெரிய கற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி. தொடும் இடமோ சில புள்ளிகள். தேய்வது அந்தப் புள்ளிகளில் மட்டுமே, அதுவும் அடியாக விழும். ஒன்றரைக் கிலோ கொள்ளும் சிறு டிரம்முக்கு மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்க் கல் சிலவும், இரண்டு சென்டிமீட்டர் பலவும், மீதி புளியங்கொட்டை அளவிலும் இருக்க வேண்டும். பொடிக் கல் இடைவெளியை நிரப்பி, தேய்ப்புத்தூளைச் சுமந்துகொண்டு பெரிய கல்லின் எல்லாப் பக்கமும் போகும். கடையில் இதற்கென்றே பீங்கான் உருளைகள் விற்கின்றன. வடிகட்டிக் கூழாங்கல்லின் சிறு ரகம் அதே வேலையைச் செய்யும்.

பெரிய கல்லை உடைக்க நேர்ந்தால் சாக்கில் சுற்றி, நனைத்து, சுத்தியலால் தட்ட வேண்டும். கண்ணாடி அணியாமல் தட்டக்கூடாது. கல்தூள் கண்ணுக்கு மட்டுமல்லாமல் நுரையீரலுக்கும் பகை. குவார்ட்ஸ் தூளைத் தொடர்ந்து மூச்சில் இழுப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குத் தீர்வில்லை. கம்பாத்தின் அகேட் தொழிலாளர்களிடையே அது நெடுநாளாகப் பதிவாகியிருக்கிறது. டிரம்முக்குள் எல்லாம் ஈரமாக இருப்பதால் அங்கே ஆபத்து இல்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான்.

தேர்ந்த கல்லைக் கழுவுவதில் இந்தக் கரைக்கென்று ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. கடற்கரையில் கிடந்த கல்லானாலும், கடற்காற்றில் வெளியே வைத்த கல்லானாலும் உப்பு ஏறியிருக்கும். முதலில் நார்த்தூரிகையால் மண்ணும் பாசியும் போகத் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று நான்கு நாள் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்ற வேண்டும். தீவின் பல கிணறுகளில் நீர் உவர்ப்பு. குடிநீராக வாங்கும் தண்ணீரை இதற்குச் செலவிட மனம் வராதுதான். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அது உத்தமம். முதல் மூன்று கட்டத்துக்கு ஓரளவு உவர்நீர் தாங்கும். பாலிஷ் கட்டத்தில் உப்பு வெண்படலமாகத் தங்கிவிடும்.

கழுவியதை மறுபடி தரையில் பரப்பி, ஒருமுறை பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே வகைக் கல்லாகவே முதல் டிரம்மை நிரப்புவது நல்லது. முழுக்க வெங்கச்சங்கல், இல்லாவிட்டால் முழுக்க ஜாஸ்பர். டிரம்மின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் வரை கல் இருக்கலாம். பாதிக்குக் கீழே இருந்தால் கற்கள் சரியாமல் விழுந்து அடிபடும். நிறைத்துவிட்டால் நகரவே நகராது. தண்ணீர் மேல்வரிசைக் கல்லின் அடியைத் தொட்டால் போதும். கரடு கட்டத்துக்கு 60/90 எண் கார்போரண்டம், ஒன்றரைக் கிலோ டிரம்முக்கு நான்கு மேசைக்கரண்டி. பிறகு 120/220, அடுத்து 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடோ சீரியம் ஆக்சைடோ. சிலிக்கான் கார்பைடை அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் 1891இல் உருவாக்கினார். தமிழ்நாட்டில் 1954இல் முருகப்பா குழுமத்தார் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்துக்குப் பிறகு அது எளிதாகக் கிடைக்கும் சரக்கானது. கிரானைட் பாலிஷ் வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் எண் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள்.

கரடு கட்டம் முடிந்ததும் இன்னொரு தேர்வு இருக்கிறது. கல்லை எல்லாம் கழுவி உலர்த்திப் பார்த்தால், முதலில் கண்ணுக்குத் தப்பிய குழியும் வெடிப்பும் இப்போது தெரியும். குழியுள்ளதை அடுத்த டிரம்முக்கு ஒதுக்கி, மறுபடி கரடு பொடியிலேயே ஓட்ட வேண்டும். அந்தப் பொடியால் போகாத குழி மெல்லிய பொடியால் போகாது. கட்டம் மாறும்போது டிரம், மூடி, கற்கள் மூன்றையும் கரடுப் பொடியின் ஒரு துகளும் ஒட்டாதபடி கழுவ வேண்டும். கழுவிய குழம்பைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் வளைவுகளில் தங்கி இறுகி அடைத்துவிடும். அதை வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரைச் செடிக்கு ஊற்றி, அடியில் படிந்ததை உலர்த்திக் குழியில் கொட்டிவிடலாம்.